ஒத்துவராத சாப்பாடுகளின் பட்டியல் ஏன் நீளுகிறது

பாலில் தொடங்கும். சில மாதத்தில் பருப்பு, பிறகு பாண், அதற்குப் பிறகு உள்ளி போட்ட எந்தக் கறியுமே. கடைசியில் சோறும் கத்தரிக்காயும் அவித்த மீனும் மட்டும் மிஞ்சியிருப்பவர்கள் யாழ்ப்பாணத்தில் குறைவில்லை. "எனக்கு இது ஒத்துவராது" என்ற பட்டியல் இப்படி நீண்டுகொண்டே போனால், ஒவ்வொரு சாப்பாடாகப் பிடித்துக் குற்றம் சாட்டுவதை விட்டுவிட்டுக் குடலைப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு ஓர் உணவு ஒத்துவராமல் இருப்பது சாதாரணம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஏழெட்டு உணவுகள் ஒரே வருடத்துக்குள் ஒத்துவராமல் போகிறதென்றால், குடற்சுவரிலோ அதன் நரம்புகளிலோ அங்கு குடியிருக்கும் பற்றீரியாக்களிலோ ஏதோ மாறியிருக்கிறது.

முதலில், இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாத இரண்டைத் தள்ளிவைப்போம்.

றால், நண்டு, கணவாய் சாப்பிட்டுச் சில நிமிடத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் உடம்பு தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்தால் அது ஒவ்வாமை. ஐஜிஈ என்ற பிறபொருளெதிரி செய்யும் வேலை. றாலிலும் நண்டிலும் இதைக் கிளப்புவது பெரும்பாலும் ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம். எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. "கிரந்திச் சாப்பாடு, கொஞ்சமாகத் தின்றால் ஒன்றும் செய்யாது" என்று வீட்டில் சொல்வதை நம்பிப் பரீட்சித்துப் பார்க்கும் விஷயமல்ல இது. மூச்சு முட்டினாலோ தலை சுற்றி விழுந்தாலோ 1990க்கு அழையுங்கள். அங்கே முதல் மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின், வளர்ந்தவருக்கு 0.5 மில்லிகிராம். ஒவ்வாமைக்கு வழக்கமாகப் போடும் பிரிட்டோன் குளிசை அதற்கு மாற்றாகாது.

இரண்டாவது சீலியாக் நோய். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்துக்கு எதிராக உடம்பின் நிர்ப்பீடனத் தொகுதி தன் சிறுகுடலையே தாக்குவது. சோறு சாப்பிடும் ஊரில் இது வராது என்று நினைப்பது தவறு. நம் சமையலில் கோதுமை எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பதைக் கீழே பாருங்கள். இதைக் கண்டுபிடிக்க டிடிஜி ஐஜிஏ என்ற இரத்தப் பரிசோதனை உண்டு. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அது சரியாகக் காட்டும். நிறுத்திப் பல மாதமான பிறகு சோதித்தால் இல்லை என்று வரலாம். அப்போது ஆறு கிழமையளவு திரும்பக் கோதுமை சாப்பிட்டுவிட்டுச் சோதிக்க வேண்டிவரும். ஏற்கெனவே சுகமாகிவிட்ட ஒருவரை அதற்குச் சம்மதிக்கவைப்பது லேசல்ல. ஆகவே பாணை நிறுத்த முன்னரே அந்த இரத்தத்தைக் கொடுத்துவிடுங்கள்.

இனி மிச்சம் உள்ளவை. வயிற்றுப் பொருமல், வாய்வு, முறுக்கு, சாப்பிட்டதும் ஓடவேண்டிய அவசரம், சில நாள் மலச்சிக்கல்.

குடலுக்குள் என்ன நடக்கிறது

குடற்சுவரின் மேற்பரப்பு ஒரே ஒரு கல அடுக்கு. அதன் மேல் ஒரு சளிப்படலம். அந்தப் படலத்துக்கு அப்பால் பற்றீரியாக்கள். சிறுகுடலில் அவை குறைவு. பெருங்குடலில் ஒரு கிராம் உள்ளடக்கத்தில் சுமார் 10,000 கோடி. நாம் சமிக்க முடியாமல் விட்ட நார்ப்பொருளை அவை நொதிக்கவைத்து அசற்றேற்று, புரோப்பியனேற்று, பியூற்றிரேற்று என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடற் கலங்களுக்குப் பியூற்றிரேற்றுத்தான் முதன்மையான எரிபொருள். அந்தக் கலங்கள் அதை எரிக்கும்போது ஒட்சிசனையும் செலவழித்துவிடுவதால் குடலின் உட்பகுதி ஒட்சிசன் இல்லாத இடமாகவே இருக்கிறது. ஒட்சிசன் இல்லாத இடத்தில்தான் பியூற்றிரேற்று தரும் பற்றீரியாக்கள் பிழைக்கும். ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும் ஏற்பாடு இது.

அழற்சி வந்தால் இந்த வட்டம் அறுகிறது. ஒட்சிசன் கசிகிறது, ஈகோலை வகையறாக்கள் பெருகுகின்றன, பியூற்றிரேற்று குறைகிறது, கலங்களுக்கிடையிலுள்ள பொருத்துகள் தளர்கின்றன, உணவுப் புரதத் துணுக்குகள் நிர்ப்பீடனக் கலங்களின் கைக்கு எட்டுகின்றன. இணையத்தில் "ஓட்டைக் குடல்" என்று விற்கப்படுவது இந்த உண்மையின் ஊதிப்பெருத்த வடிவம். குடலின் ஊடுபுகவிடும் தன்மை கூடுவது உண்மை, அளக்கவும் முடியும். அதைத் தனியொரு நோயாகப் பெயரிட்டு அடைப்பதற்கென்று விற்கப்படும் தூள்களுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இந்தச் சங்கிலி பெரும்பாலும் ஒரு தொற்றில் தொடங்குகிறது. வயிற்றோட்டம் வந்து சுகமான பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு, கிருமி போன பிறகும் பல மாதங்கள் குடல் கூருணர்வோடு இருக்கும். ஏன் என்று காட்டிய முக்கியமான ஆய்வு 2021 இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. எலிகளுக்குக் குடற்தொற்று இருந்த நேரத்தில் முட்டைப் புரதம் கொடுத்தார்கள். தொற்று ஆறிய பின் அதே புரதத்தைத் திரும்பக் கொடுத்தபோது வலி வந்தது. தொற்று நேரத்தில் புரதம் பெறாத எலிகளுக்கு வரவில்லை. குடற்சுவர் அந்தப் புரதத்துக்கு எதிராக உள்ளூரில் மட்டும் ஐஜிஈ தயாரித்து வைத்திருந்தது. இரத்தத்தில் அது இல்லை. ஐஜிஈ, மாஸ்ட் கலங்கள் என்ற நிர்ப்பீடனக் கலங்களைத் தட்ட, அவை ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தை வெளிவிட, பக்கத்து நரம்பு கூருணர்வடைகிறது. பிறகு எரிச்சற்குடல் (ஐபிஎஸ்: குடலில் புண் எதுவும் தெரியாமலே வயிறு வலித்து மலம் கழிக்கும் விதம் மாறும் நிலை) உள்ள 12 பேரின் மலக்குடற் சுவரில் கோதுமை, குளூட்டன், சோயா, பசுப்பால் ஆகியவற்றின் கரைசலைச் செலுத்திப் பார்த்தார்கள். 12 பேருக்கும் ஏதாவது ஒன்றுக்காவது வீக்கம் வந்தது. நலமான 8 பேரில் இருவருக்கு மட்டுமே. சிறிய ஆய்வுதான். ஆனாலும் தோலிலும் இரத்தத்திலும் ஒன்றும் தெரியாத ஒருவருக்கு வயிறு மட்டும் உண்மையாகவே வலிப்பது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இப்போதைக்கு இல்லை.

குடாநாட்டில் இதற்குத் தனிக் கனதி உண்டு. நாம் குடிப்பது சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய நிலத்தடி நீர். வெடிப்பும் துவாரமும் நிறைந்த கல், மேல் மண்ணும் பல இடங்களில் மெல்லியது. மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே கல் வடிகட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. கார்த்திகை, மார்கழி மழைக்கு நீர்மட்டம் ஏறும்போது கிணற்று நீரை நன்றாகக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடிப்பதுதான், குடற்கூருணர்வைத் தடுப்பதற்கு நம் கையிலுள்ள மலிவான வழி. தோட்டப் பகுதிக் கிணறுகளின் நைத்திரேற்றைக் கொதிப்பு நீக்காது என்பது வேறு பிரச்சினை.

பால்

வயிற்றோட்டத்துக்குப் பிறகு முதலில் ஒத்துவராமல் போவது பால். பாலிலுள்ள சர்க்கரையான லக்டோஸை உடைக்கும் லக்டேஸ் நொதியம், சிறுகுடற் சுவரில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் சடைமுளைகளின் நுனியில் இருக்கிறது. தொற்றில் முதலில் தேய்வதும் அந்த நுனிதான். மேற்பரப்புக் கலங்கள் மூன்று முதல் ஐந்து நாளில் புதிதாகிவிடும். சடைமுளை முழு உயரத்துக்கு வளரச் சில கிழமைகள் செல்லும். அதுவரை பால் பொருமும். இரண்டு முதல் நான்கு கிழமை குறைத்துவிட்டுத் திரும்பத் தொடங்கினால் பலருக்குப் பிரச்சினை இல்லை. வாழ்நாள் முழுக்க நிறுத்துவதுதான் இங்கே நடக்கும் தவறு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வயிற்றோட்ட நாட்களிலும் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஜீவனியும் சிங்க் மருந்தும் அதனோடு கொடுப்பவை.

தொற்றே வராவிட்டாலும், தென்னாசியரில் பெரும்பாலானோருக்கு வளர வளர லக்டேஸ் குறைகிறது. குறைந்தாலும் ஒரே தடவையில் 12 கிராம் லக்டோஸை அநேகர் தாங்குவார்கள். 100 மிலிலீற்றர் பசுப்பாலில் சுமார் 4.7 கிராம் இருக்கிறது, ஆகவே 12 கிராம் என்றால் ஏறத்தாழ 250 மிலிலீற்றர் பால். முழுக்கொழுப்புப் பால்மாவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 38 கிராம். 10 கிராம் பால்மா போட்ட ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் 4 கிராமுக்குக் கிட்டத்தான் வரும். காலை, பத்து மணி, பின்னேரம் என்று மூன்று கோப்பை பிரித்துக் குடிப்பவருக்கு அதனால் வயிறு பொருமுவது அரிது. இரவில் ஒரே மூச்சில் பெரிய கிளாஸ் பால் குடிப்பவருக்கு வரலாம்.

தயிர் இன்னும் சுலபம். பால் தயிராகும்போது லக்டோஸில் ஒரு பங்கு போய்விடும். மிச்சத்தைத் தயிரிலுள்ள உயிருள்ள பற்றீரியாக்கள் தம் லக்டேஸால் நம் குடலுக்குள்ளேயே உடைத்துத் தரும். மோரைக் கொதிக்கவைத்துக் குழம்பாக்கினால் பற்றீரியா செத்துவிடும், அந்த உதவி கிடைக்காது. "தயிர் ஒத்துக்கொள்கிறது, மோர்க்குழம்பு ஒத்துவராது" என்பவர்களுக்கு ஒரு காரணம் இதுவாகலாம். அந்தக் குழம்பிலுள்ள வெங்காயம் இன்னொரு காரணம்.

வெங்காயம், உள்ளி, பருப்பு, மா

வெங்காயத்திலும் உள்ளியிலும் கோதுமையிலும் பிரக்டான் என்ற காபோவைதரேற்று இருக்கிறது. பருப்பு, கடலை, கௌபி போன்றவற்றில் ராபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள். இவற்றை உடைக்கும் நொதியம் எந்த மனிதனிடமும் இல்லை. எல்லோருடைய பெருங்குடலிலும் இவை நொதித்து ஐதரசனும் சில வேளை மெதேனும் உண்டாகத்தான் செய்யும். ஒருவருக்கு அது தெரியாமல் போகும், இன்னொருவர் துடிப்பார். வாயு கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அது குடற்சுவரை விரிக்கும்போது கூருணர்வுள்ள நரம்பு அதை வலியாக வாசிக்கிறது. ஆகவே இந்தச் சாப்பாடுகளில் நஞ்சு எதுவும் இல்லை. உங்கள் பற்றீரியாக்களுக்கு இவை நல்ல தீனியும்கூட.

கோதுமை ஒத்துவராது என்று சொல்லிக்கொண்டு, சீலியாக் இல்லாத 59 பேரை வைத்து ஒஸ்லோவில் செய்து 2018 இல் வெளியான ஆய்வு நினைவில் வைத்திருக்க வேண்டியது. குளூட்டன் சேர்த்த பார், பிரக்டான் சேர்த்த பார், இரண்டும் இல்லாத பார் ஆகியவற்றை எது எதுவென்று சொல்லாமல் ஒவ்வொன்றையும் ஏழு நாள் கொடுத்தார்கள். பிரக்டான்தான் கூடுதலாக வயிற்றைக் குழப்பியது. குளூட்டனுக்கும் வெறும் பாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. குளூட்டன் இல்லாத விலையுயர்ந்த பிஸ்கட்டை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்துவிட்டு, சம்பலில் கைப்பிடி வெங்காயம் போடும் வீடுகளுக்கு இது பொருந்தும்.

கோதுமை ஒளிந்திருக்கும் இடங்கள்: கடை இடியப்பமும் புட்டும் பெரும்பாலும் அரிசிமாவோடு அவித்த கோதுமை மா கலந்தவை. நம் தோசையில் உழுந்தோடு கோதுமை மாவைக் கரைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பருத்தித்துறை வடையிலும் அந்த மா சேரும். கட்டிப் பெருங்காயமும் பெருங்காயத் தூளும் அநேகமாகக் கோதுமை மா சேர்த்துத்தான் வருகின்றன. பிரக்டானுக்காகக் குறைப்பவர் பெருங்காயத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, சீலியாக் நோயாளி கட்டாயம் பார்க்க வேண்டும்.

சமையலில் ஒரு வழி இருக்கிறது. பிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. உள்ளியைப் பெரிய துண்டாக வெட்டி நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ வாசம் வரும்வரை பொரித்து, தண்ணீரோ பாலோ ஊற்றுவதற்கு முன் துண்டுகளை அள்ளி எறிந்துவிடுங்கள். வாசம் எண்ணெயில் நிற்கும், பிரக்டான் துண்டோடு போய்விடும். தண்ணீர் ஊற்றிக் கொதித்த பிறகு அள்ளுவதில் பயனில்லை, அதற்குள் கரைந்துவிடும். இந்த எண்ணெயைப் போத்தலில் விட்டு வெளியே வைக்க வேண்டாம். ஒட்சிசன் இல்லாத எண்ணெய்க்குள் உள்ளித்துண்டு கிடந்தால் நரம்பைத் தாக்கும் நஞ்சை விடும் பொட்டுலிசக் கிருமி வளரும். அன்றன்று செய்வதே நல்லது. வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியில் பிரக்டான் குறைவு, தாளிதத்துக்கு அதைப் போடலாம். கடலை, கௌபியை 12 மணித்தியாலம் ஊறவிட்டு அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவித்து, அவித்த தண்ணீரையும் வடித்தால் வாய்வுச் சர்க்கரை கணிசமாகக் குறையும். சுண்டலுக்கு இது சரிவரும். பருப்புக்கறியில் தண்ணீரோடுதானே சாப்பிடுகிறோம், அங்கே அளவைத்தான் குறைக்க முடியும்.

கூழ் குடித்து வயிறு குழம்பினால்

ஒடியற்கூழில் நண்டு, றால், மீன், கணவாய், பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, அரிசி, புளி, செத்தல் மிளகாய், ஒடியல் மா எல்லாம் ஒரே பானையில். அடுத்த நாள் வயிறு குழம்பினால் "ஒடியல் ஒத்துவராது" என்று தீர்ப்பாகிவிடும். கடல் உயிரிக்கு ஒவ்வாமையா, வாடிய மீனின் ஹிஸ்டமினா, பயத்தங்காயின் நொதிப்பா, மிளகாயா, சரியாக ஊறவைத்துப் பிழியாத மாவா, அல்லது வழக்கத்துக்கு மாறாக ஒரே நாளில் வந்த நார்ப்பொருளா, எதுவும் தெரியாது. பல பொருள் சேர்ந்த சாப்பாட்டை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. எரிச்சற்குடல் உள்ளவர் கூழைக் குடிக்கலாம், அதை வைத்துக் கணக்கு எழுதக் கூடாது.

நேரம்தான் நல்ல சாட்சி. ஐஜிஈ ஒவ்வாமை பெரும்பாலும் நிமிடங்களில், பிந்தினால் இரண்டு மணித்தியாலத்துக்குள். லக்டோஸ் அரை மணி தொடக்கம் இரண்டு மணித்தியாலத்தில். பிரக்டானும் பருப்புச் சர்க்கரையும் பெருங்குடலை எட்ட வேண்டும், ஆகவே நாலைந்து மணித்தியாலமோ மறுநாளோ ஆகும். சாப்பிட்டுக் கை கழுவ முன்னரே மலசலகூடத்துக்கு ஓடவைப்பது அந்தச் சாப்பாடே அல்ல. இரைப்பை விரிந்ததும் பெருங்குடலை அசைக்கும் இயல்பான அனிச்சை அது, வெளியே போவது நேற்றோ முந்தநாளோ தின்றது. காலைப் புட்டைக் குற்றம் சொல்லும் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

மீனைப் பற்றித் தனியாக. சூரை, கும்பளா, சூடை, கீரி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடீன் என்ற அமினோவமிலம் அதிகம். பிடித்த மீன் ஐசில்லாமல் வெயிலில் கிடந்தால் பற்றீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். உண்டான ஹிஸ்டமினைப் பொரித்தாலும் அவித்தாலும் உறையவைத்தாலும் போக்க முடியாது. சாப்பிட்டுப் பத்து நிமிடம் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடத்து, சில வேளை வயிற்றாலடிக்கும். மீன் ஒவ்வாமை என்று நினைத்து வாழ்நாள் முழுக்க மீனை விடுகிறார்கள். வேறுபடுத்த ஒரு எளிய கேள்வி: அதே மீனைச் சாப்பிட்ட வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் முகம் சிவந்ததா? ஆம் என்றால் மீன் பழுது. ஒருவருக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் வந்தால் ஒவ்வாமைச் சோதனைக்குப் போக வேண்டும். ஹிஸ்டமினை உடைக்கும் டிஏஓ நொதியமும் குடற்சுவரில்தான் இருக்கிறது. சுவர் புண்பட்டிருக்கும் நாட்களில் அது குறையும். ஆகவே வழக்கமாகத் தாங்கும் கருவாடு வயிற்றோட்டத்துக்குப் பிந்திய கிழமையில் தாங்காமல் போகலாம். காலையில் பாசையூரிலோ குருநகரிலோ ஐஸில் வைத்த மீனை வாங்கி உடனே துப்புரவாக்கிக் குளிரூட்டிக்குள் வைப்பதோடு இதில் பெரும்பகுதி தீரும்.

மிளகாய் நேரடியாக வலி நரம்பைத் தொடுவது. அளவைக் குறையுங்கள், அவ்வளவுதான். டைக்ளோபெனக், ஐபியூபுரோபன் போன்ற நோவுக் குளிசைகள் சிறுகுடலிலும் புண்ணாக்கும். முழங்கால் நோவுக்கு மாதக்கணக்கில் போட்டுக்கொண்டு "இப்போது எந்தச் சாப்பாடும் ஒத்துவரவில்லை" என்பவர் முதலில் வைத்தியரோடு அந்தக் குளிசையைப் பற்றிக் கதைக்க வேண்டும்.

பத்தியமும் முறிப்பும்

நமக்குப் பத்தியம் புதிதல்ல. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும் சித்த மருந்து எடுக்கும்போதும் இருப்போம், முடிவில் பத்தியம் முறிப்போம். மெல்பேர்னின் மொனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய, நொதிக்கும் சர்க்கரைகளைக் குறைக்கும் பொட்மாப் முறையும் இதே வடிவந்தான். பலர் அதில் முதற்பாதியான குறைப்பை மட்டும் செய்துவிட்டு முறிக்காமல் விட்டுவிடுகிறார்கள். முறிப்பு இல்லாத பத்தியம் பற்றீரியாக்களைப் பட்டினி போடும். சில கிழமையிலேயே நல்லது செய்யும் பிபிடோ பற்றீரியாக்கள் குறைவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

தொடங்க முன் இரண்டு கிழமை கொப்பியில் எழுதுங்கள்: என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, என்ன செய்தது, எத்தனை மணிக்கு. நித்திரை, மாதவிடாய், குளிசை ஆகியவற்றையும் சேருங்கள்.

பிறகு இரண்டு முதல் ஆறு கிழமை குறைப்பு. நாலு கிழமையிலும் வித்தியாசமில்லை என்றால் நொதிப்பு உங்கள் பிரச்சினை அல்ல, நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். சாப்பிடக் கூடியவை: சோறு, தனி அரிசிமாப் புட்டும் இடியப்பமும், கத்தரிக்காய், கரட், உருளைக்கிழங்கு, வெள்ளரிக்காய், புது மீன், முட்டை, கோழி, தோடம்பழம், பப்பாளி, அன்னாசி, அதிகம் கனியாத வாழைப்பழம். சொதியை வெங்காயமில்லாமல் பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், தேசிப்புளியோடு வையுங்கள். தவிர்ப்பவை: வெங்காயம், உள்ளி, கோதுமை, பருப்பு வகை, பெரிய அளவு பால், மாம்பழம். கறுத்தக்கொழும்பான் பருவத்தில் இதைத் தொடங்காதீர்கள், முடிக்க மாட்டீர்கள்.

அடுத்தது முறிப்பு. ஒரு நேரத்தில் ஒரு வகை மட்டும். மூன்று நாள் ஏறுமுகமாக, பின் இரண்டு மூன்று நாள் இடைவெளி, அதன்பின் அடுத்தது. பாலுக்கு 60, 125, 250 மிலிலீற்றர். உள்ளிக்குக் கால் பல்லு, அரைப் பல்லு, ஒரு பல்லு, சோற்றோடு சேரும் எளிய கறியில். பாணுக்கு ஒரு துண்டு, இரண்டு, மூன்று, மாஜரினோடு மட்டும், சம்பல் வேண்டாம். பருப்புக்கு அவித்தது இரண்டு மேசைக்கரண்டி, கால் கோப்பை, அரைக் கோப்பை. மாம்பழத்துக்குக் கால், அரை, ஒன்று. நடுவில் கடுமையாக வந்தால் அங்கேயே நிறுத்தி, அதற்கு முந்திய அளவை உங்கள் எல்லையாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த அளவு தொடர்ந்து சாப்பிடக்கூடியது. பிழைக்கும் இடங்கள் மூன்று: ஒத்துக்கொண்டது என்ற சந்தோசத்தில் அதை உடனே சாப்பாட்டில் சேர்த்துவிட்டு அடுத்ததைச் சோதிப்பது (எல்லாம் தேர்ந்து முடியும்வரை சேர்க்கக் கூடாது), கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்கு மறுநாள் சோதிப்பது, நுண்ணுயிர்க்கொல்லி எடுக்கும் கிழமையில் சோதிப்பது.

உள்ளித் தேர்வில் தோற்றவர் ஆறு மாதத்தில் திரும்பப் பரீட்சிக்க வேண்டும். குடல் ஆறினால் எல்லை உயரும்.

பற்றீரியாக்களுக்குத் திரும்பத் தீனி போடுவதை மெதுவாகச் செய்யுங்கள். ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ப்பொருள் இலக்கு. வெள்ளைச்சோறும் பாணுமாக இருந்தவர் ஒரே கிழமையில் குரக்கன், ஒடியல், கீரை என்று தாவினால் பொருமி, "நார்ச்சத்து ஒத்துவராது" என்று அதையும் பட்டியலில் எழுதிவிடுவார். கிழமைக்கு ஒரு பொருளாகக் கூட்டினால் போதும். நொதித்த உணவுகளுக்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. 2021 இல் வெளியான ஸ்டான்போர்ட் ஆய்வில் 36 பேரில் ஒரு பகுதியினர் பத்துக் கிழமை நொதித்த உணவைக் கூட்டிச் சாப்பிட்டபோது பற்றீரியா வகைகள் கூடின, இரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன.

பழஞ்சோறும் அந்த வரிசையில் வரும், செய்யும் விதம் சரியென்றால். சோறு ஆறியதும், ஓரிரு மணித்தியாலத்துக்குள், கொதித்தாறிய தண்ணீர் ஊற்றி மூடுங்கள். பகல் முழுக்க வெளியே கிடந்த சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றினால், அதற்குள் பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியா நஞ்சு விட்டிருக்கலாம், சூடாக்கினாலும் அது போகாது. பச்சைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவது முன்சொன்ன தொற்றுக்கு வாசலைத் திறப்பது. அதோடு கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயத்தை உள்ளித் தேர்வில் தோற்றவர் மறக்கக் கூடாது. பழி பழஞ்சோற்றுக்கு வந்துவிடும்.

பரிசோதனைகள் பற்றி

லண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள சொந்தக்காரர் அனுப்பிவைக்கும் 100, 200 உணவுகளுக்கான ஐஜிஜி இரத்த அறிக்கைகள் இப்போது இங்கும் கையிலெடுத்து வரப்படுகின்றன. ஐஜிஜி என்பது ஐஜிஈயிலிருந்து வேறான ஒரு பிறபொருளெதிரி. அது, குறிப்பாக அதன் ஐஜிஜி4 வகை, நீங்கள் அந்த உணவை அடிக்கடி சாப்பிடுகிறீர்கள் என்பதையே காட்டும். சிவப்பு எழுத்தில் வருவது அரிசியும் தேங்காயும் முட்டையுமாக இருப்பதன் காரணம் அதுதான். ஐரோப்பிய ஒவ்வாமை அமைப்பு 2008 லேயே உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மலத்திலுள்ள பற்றீரியாக்களை எண்ணி, என்ன சாப்பிட வேண்டுமென்று சொல்லும் அறிக்கைகளுக்கும் இன்னும் அந்தத் தகுதி வரவில்லை.

பயனுள்ளவை குறைவு, மலிவு: முழு இரத்தக் கணிப்பீடு, பெரிற்றின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), டிடிஜி, குடல் ஒட்டுண்ணிகளான அமீபாவுக்கும் ஜியார்டியாவுக்கும் மலப் பரிசோதனை, தேவையென்றால் குடல் அழற்சியைக் காட்டும் மலக் கல்புரொடெக்டின். கல்புரொடெக்டின் கிராமுக்கு 50 மைக்குரோகிராமுக்குக் கீழே என்றால் குடலில் பெரிய அழற்சி நோய் இருப்பது அரிது. 250க்கு மேல் என்றால் குழாய் விட்டுக் குடலுக்குள் பார்க்கும் உள்நோக்கிப் பரிசோதனையைப் பற்றிக் கதைப்பார்கள். நோவுக் குளிசையும் அண்மைய வயிற்றோட்டமும் இதைப் பொய்யாக உயர்த்தும், வைத்தியரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மலத்தில் இரத்தம், முயற்சியில்லாமல் நிறை குறைதல், நித்திரையிலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம், காய்ச்சல், இரும்புக் குறைவு, குடும்பத்தில் குடற்புற்று அல்லது குரோன் நோய் (நீண்டகாலக் குடல் அழற்சி), 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய மாற்றம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன பத்தியத்தைத் தொடங்க வேண்டாம். கொப்பியோடும் எடுக்கும் எல்லாக் குளிசை அட்டைகளோடும் கிளினிக்குக்குப் போங்கள்.